பெரியவர்களிடம் சோதித்த மருந்தை அளவு குறைத்துக் குழந்தைக்குக் கொடுத்தால் போதாதா?

கேட்டிருப்பது இரண்டு கேள்வி. பெரியவர்களுக்குச் சரியென்று தெரிந்துவிட்ட மருந்தை எடைக்கு ஏற்றபடி குறைத்துக் குழந்தைக்குக் கொடுக்க வேண்டியதுதானே, எதற்காகக் குழந்தைகளை வைத்துத் தனியாக ஆய்வு நடத்த வேண்டும் என்பது ஒன்று. அப்படி நடத்துவதென்றால் எப்படித் திட்டமிடுகிறார்கள், யார் அனுமதிக்கிறார்கள், குழந்தைக்கு என்ன பாதுகாப்பு என்பது இன்னொன்று. நான் குழந்தைகளுக்கான மருத்துவ ஆய்வுகளில் வேலை பார்த்திருக்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். முதல் கேள்விக்குப் பதில்: போதாது. பல மருந்துகளில் அந்த வழி ஆபத்தானதும்கூட.

1950களில் குளோராம்பெனிகால் என்ற ஆன்டிபயாட்டிக்கைக் குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளுக்குத் தொற்று வந்துவிடக் கூடாது என்று முன்கூட்டியே கொடுத்து வந்தார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் சில நாட்களில் சில குழந்தைகளுக்கு வயிறு உப்பியது, பால் குடிப்பது நின்றது, உடம்பு சாம்பல் நிறமானது, ரத்த அழுத்தம் விழுந்து இறந்துபோனார்கள். குறைமாதக் குழந்தை இறப்பது அப்போது அபூர்வம் இல்லை என்பதால் மருந்தின் மேல் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. 1959-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஒப்பீட்டு ஆய்வில்தான், மருந்து பெற்ற குழந்தைகள் பெறாதவர்களைவிட மிக அதிகமாக இறந்தது எண்ணிக்கையாகக் கண்ணில் பட்டது. இந்த மருந்தைக் கழித்து வெளியே அனுப்பும் நொதி பெரியவர்களின் கல்லீரலில் முழு வேகத்தில் வேலை செய்யும், பிறந்த குழந்தையிடம் அது இன்னும் சரியாகத் தொடங்கியே இருக்காது. கொடுக்கக் கொடுக்க மருந்து உள்ளேயே சேர்ந்துகொண்டு போகும். எடைக்கு ஏற்ற அளவு என்ற கணக்கு அங்கே உதவவில்லை.

இதற்கு நேர் எதிரான கதை காசநோயில் நடந்தது. ஒன்றிரண்டு வயதைத் தாண்டிய குழந்தையின் உடல் பல மருந்துகளைக் கிலோ கணக்கில் பார்த்தால் பெரியவர்களைவிட வேகமாக வெளியேற்றிவிடும். ஆனாலும் பெரியவர்களுக்கான அதே விகிதத்தில்தான் வெகுகாலம் குழந்தைகளுக்கும் கொடுத்து வந்தோம். குழந்தைகளின் ரத்தத்தில் மருந்து எவ்வளவு இருக்கிறது என்று அளந்து பார்த்த ஆய்வுகள் வந்த பிறகு, 2010-ல் உலக சுகாதார நிறுவனம் ஐசோனியாசிடைக் கிலோவுக்கு 5 மில்லிகிராமிலிருந்து 10-க்கும், ரிஃபாம்பிசினை 10-லிருந்து 15-க்கும், பைரசினமைடை 25-லிருந்து 35-க்கும் உயர்த்தியது. அதுவரை எத்தனை குழந்தைகள் போதாத மருந்தை மாதக்கணக்கில் விழுங்கியிருப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள்.

அந்த மருந்தை எப்படிக் கொடுத்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். குழந்தைகளுக்கென்று மாத்திரை இல்லாத இடங்களில் பெரியவர்களின் மாத்திரையைக் கத்தியால் பாதியாக்கி, அதையும் பாதியாக்கி, கரண்டியின் அடிப்பக்கத்தால் பொடித்து, சர்க்கரைத் தண்ணீரில் கலக்கிப் பாலாடையில் ஊற்றுவார்கள். மாத்திரை நாலாக உடையும்போது நாலும் சமமாக உடைவதில்லை. கொஞ்சம் பொடி காகிதத்தில் ஒட்டிக்கொள்ளும், கொஞ்சம் பாலாடையின் அடியில் தங்கும். கசப்பில் குழந்தை துப்பியது போக மீதி எவ்வளவு உள்ளே போனது என்று அம்மாவுக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. ஆய்வே செய்யாமல் குழந்தைக்கு மருந்து கொடுப்பதைப் பாதுகாப்பு என்று நினைக்கிறோம். உண்மையில் அதுவும் சோதனைதான், என்ன நடந்தது என்று யாரும் எழுதி வைக்காத சோதனை. எனக்கு இந்தத் துறையில் இருக்கிற பிடிப்புக்கெல்லாம் காரணம் இதுதான்.

சரி, எப்படித் திட்டமிடுகிறார்கள் என்பதற்கு வருவோம். பொதுவாகச் சொல்வதைவிட ஓர் ஆய்வை எடுத்துக்கொள்கிறேன், நம் சென்னைக்கும் தொடர்பு உள்ள ஆய்வு. பெயர் ஷைன். குழந்தைகளின் காசநோய்க்கு ஆறு மாதச் சிகிச்சை வேண்டுமா, நான்கு மாதம் போதுமா என்பதுதான் கேள்வி. உகாண்டா, ஜாம்பியா, தென்னாப்பிரிக்கா, இந்தியா என நான்கு நாடுகளில் நடந்தது. இந்தியாவில் சென்னையிலுள்ள தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமும் புனேவும் சேர்ந்திருந்தன. 16 வயதுக்கு உட்பட்ட 1,204 குழந்தைகள் கலந்துகொண்டார்கள்.

இந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்பது முக்கியம். ஆறு மாதம் என்பது நுரையீரலில் குழிவிழுந்து, சளியில் கிருமி கொத்துக் கொத்தாக வரும் பெரியவர்களை வைத்து முடிவான காலம். குழந்தைகளில் பெரும்பாலோருக்கு வருவது அப்படிப்பட்ட நோய் இல்லை. நெஞ்சுக்குள் நெறிகட்டும், அல்லது நுரையீரலின் ஒரு மடலில் சிறிதாக இருக்கும், கிருமிகளின் எண்ணிக்கை குறைவு. அப்படியிருக்க அவர்களும் ஏன் அதே ஆறு மாதம் விழுங்க வேண்டும்? இதில் கவனிக்க வேண்டியது, பெரியவர்களிடம் சிகிச்சையை நான்கு மாதமாகச் சுருக்கிப் பார்த்த பெரிய ஆய்வுகள் 2014-ல் தோல்வியில் முடிந்திருந்தன. பெரியவர்களின் முடிவை அப்படியே குழந்தைகளுக்கும் வைத்துக்கொள்வோம் என்று இருந்திருந்தால் இந்தக் கேள்வியை யாரும் கேட்டிருக்கவே மாட்டார்கள்.

அடுத்தது யாரைச் சேர்ப்பது. கடுமையில்லாத காசநோய், சளிப் பரிசோதனையில் கிருமி தெரியாதவர்கள் மட்டும். மூளைக்காய்ச்சல் வகை, உடம்பெங்கும் பரவிய வகை எல்லாம் வெளியே. சிகிச்சையைச் சுருக்கினால் ஆபத்து வரக்கூடிய குழந்தைகளைத் தொடக்கத்திலேயே விலக்கிவிடுகிறார்கள். அப்புறம், நான்கு மாதம் ஆறு மாதத்துக்குச் "சமம்" என்று எப்போது ஒப்புக்கொள்வது? இதை முன்கூட்டியே எழுதி வைத்துவிட வேண்டும், முடிவுகளைப் பார்த்த பிறகு கோட்டை நகர்த்தக் கூடாது. ஷைனில் வைத்த கோடு நூற்றுக்கு ஆறு: நான்கு மாதக் குழுவின் தோல்வி விகிதம் ஆறு மாதக் குழுவைவிட ஆறு சதவீதப் புள்ளிக்கு மேல் போயிருக்க வாய்ப்பில்லை என்று கணக்கு காட்டினால்தான் ஏற்றுக்கொள்வது. எத்தனை குழந்தைகள் தேவை என்ற எண்ணிக்கையும் இந்தக் கோட்டிலிருந்துதான் வருகிறது. தேவைக்கு அதிகமாக ஒரு குழந்தையைச் சேர்ப்பதும் தவறு, குறைவாகச் சேர்த்துப் பதில் கிடைக்காமல் போவது அதைவிடப் பெரிய தவறு, ஏனென்றால் அத்தனை குழந்தைகள் குத்திக்கொண்ட ஊசிக்கும் பலனில்லாமல் போகும்.

எந்தக் குழந்தை எந்தக் குழுவில் என்பது குலுக்கல் மாதிரி கணினியில் தீர்மானமாகும், மருத்துவர் தேர்ந்தெடுக்க முடியாது. நான்கு மாதத்தில் மருந்து நிற்பது எல்லோருக்கும் தெரியும், ஷைனில் அதை மறைக்கவில்லை. அதனால் கடைசியில் நோய் திரும்பியதா இல்லையா என்று முடிவுசெய்த நிபுணர் குழுவுக்கு மட்டும் எந்தக் குழந்தை எந்தப் பக்கம் என்று சொல்லவில்லை. ஒவ்வொரு குழந்தையையும் 72 வாரம் தொடர்ந்து பார்த்தார்கள். கடைசியில் சிகிச்சை பலனளிக்காதவர்கள் இரண்டு பக்கமும் ஏறத்தாழ 3 சதவீதம்தான். 2022-ல் முடிவுகள் வெளியாயின. 3 மாதம் முதல் 16 வயது வரை கடுமையில்லாத காசநோய்க்கு நான்கு மாதம் போதும் என்று உலக சுகாதார நிறுவனமும் வழிகாட்டியை மாற்றியது. ஒரு குழந்தைக்கு இரண்டு மாத மாத்திரை மிச்சம் என்பது வீட்டில் தினமும் அந்தப் போராட்டத்தை நடத்துகிற அம்மாவுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்லத் தேவையில்லை.

காகிதத்தில் திட்டம் போடுவது இப்படி. நடத்தும்போதுதான் சின்னச் சின்ன விஷயங்கள் கழுத்தைப் பிடிக்கும். முதலில் ரத்தம். மூன்று கிலோ எடையுள்ள குழந்தையின் உடம்பில் மொத்தமே 250 மில்லி அளவுக்குத்தான் ரத்தம் இருக்கும். ஆய்வுக்காக ஒரே நேரத்தில் மொத்த ரத்தத்தில் 1 சதவீதத்துக்கு மேலும், நான்கு வாரத்தில் 3 சதவீதத்துக்கு மேலும் எடுக்கக் கூடாது என்பது ஐரோப்பிய வழிகாட்டியில் சொல்லியிருக்கும் வரம்பு, உலகெங்கும் பலரும் இதையே பின்பற்றுகிறார்கள். அப்படிப் பார்த்தால் அந்தக் குழந்தையிடம் ஒருமுறை இரண்டரை மில்லிக்கு மேல் தொடக் கூடாது. பெரியவர்களுக்கு ஒரே நாளில் பத்துப் பன்னிரண்டு முறை எடுத்து மருந்தின் ஏற்ற இறக்கத்தை வரைவார்கள். குழந்தைகளில் ஒரு குழந்தையிடம் இரண்டு மூன்று முறை மட்டும், வெவ்வேறு குழந்தைகளிடம் வெவ்வேறு நேரத்தில் எடுத்து, எல்லாவற்றையும் சேர்த்துக் கணித மாதிரியில் போட்டு அதே கோட்டை வரைகிறோம். சிகிச்சைக்காக எப்படியும் எடுக்கிற ரத்தத்தில் மிஞ்சுவதைப் பயன்படுத்துவது, குதிகாலில் குத்தி ஒரு சொட்டைக் காகிதத்தில் உலர்த்தி அனுப்புவது, ஊசிக்கு முன்னால் தோலை மரத்துப்போகச் செய்யும் கிரீம் தடவுவது எல்லாம் இதற்காகத்தான். திட்டத்தை எழுதும் அறையில் ஒரு குழந்தை வார்டு நர்ஸ் உட்கார்ந்திருந்தால் பாதி அபத்தங்கள் அங்கேயே அடிபட்டுப் போகும் என்பது என் உறுதியான எண்ணம். காலை ஆறு மணிக்கு வெறும் வயிற்றில் ரத்தம் என்று எழுதுகிறவருக்கு, எட்டு மாதக் குழந்தை ராத்திரியெல்லாம் பால் குடிக்கும் என்பது நினைவுக்கு வருவதில்லை.

அடுத்தது வருகை. அட்டவணையில் பத்து முறை வர வேண்டும் என்று போட்டிருந்தால் அந்தப் பத்து நாளும் அம்மாவோ அப்பாவோ கூலியை விட்டு வர வேண்டும். பேருந்துக் காசு, சாப்பாடு, இழந்த கூலி இதைக் கொடுக்கலாம், கொடுக்க வேண்டும். ஆனால் பிள்ளையைச் சேர்த்தால் பணம் என்ற ஆசையாக அது மாறக் கூடாது, அந்தக் கோட்டை எத்திக்ஸ் கமிட்டி, அதாவது ஆய்வு நெறிப்படி இருக்கிறதா என்று பார்த்து அனுமதி தரும் குழு, கவனிக்கிறது. குழந்தைக்கு ஒரு கலர் பென்சில் டப்பா தருவதில் தப்பில்லை. முழுப்பரீட்சை நேரத்திலும் பொங்கல் வாரத்திலும் வருகையைப் போட்டுவிட்டு ஆள் வரவில்லை என்று குடும்பத்தைக் குறை சொல்வதில் அர்த்தமில்லை.

இப்போது ஒப்புதல். இந்தியாவில் 2019-ல் வந்த புதிய மருந்துகள் மற்றும் மருத்துவ ஆய்வுகள் விதிகளும், ஐசிஎம்ஆர் என்ற இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2017-ல் வெளியிட்ட நெறிமுறைகளும் இதில் தெளிவாக இருக்கின்றன. 18 வயதுக்கு உட்பட்டவருக்குப் பெற்றோரோ சட்டப்படியான காப்பாளரோ கையெழுத்திட வேண்டும். அது மட்டும் போதாது, குழந்தையின் சம்மதமும் வேண்டும்: 7 முதல் 12 வயது வரை வாய்மொழியாக, அதற்கு மேல் 18 வரை எழுத்தில். குழந்தை மாட்டேன் என்றால், வேறு சிகிச்சையே இல்லாத நிலையைத் தவிர, அதை மதிக்க வேண்டும். முற்றிலும் புதிய மருந்து மூலக்கூறாக இருந்தால் குழந்தைகள் மாதிரி எளிதில் பாதிக்கப்படக்கூடியவர்களிடம் ஒப்புதல் வாங்கும் உரையாடலை முழுதாக வீடியோ எடுத்து வைக்க வேண்டும். அனுமதி தரும் எத்திக்ஸ் கமிட்டியில் குழந்தை மருத்துவமும் குழந்தைகளின் மனநிலையும் தெரிந்தவர்கள் இருக்க வேண்டும்.

விதி இருக்கிறது, நடப்பது எப்படி? ஒரு நல்ல ஒப்புதல் பேச்சு எப்படி இருக்கும் என்றால், பதினைந்து பக்கப் படிவத்தை வாசித்துக் காட்டுவதோடு முடியாது. ஓர் அம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டே கேட்டுவிட்டுக் கடைசியில் கேட்டார்: "ரெண்டுல எது நல்லதுன்னு டாக்டருக்கே தெரியாதாம்மா?" பக்கத்தில் இருந்த நர்ஸ் சொன்னார்: "தெரியாதுங்க. தெரிஞ்சா உங்ககிட்ட கேக்கவே மாட்டோம், நல்லதையே குடுத்துருவோம்." அந்த அம்மா வீட்டில் கேட்டுவிட்டு வருகிறேன் என்று போனார். போக விட்டோம். எது சிறந்தது என்று உண்மையிலேயே தெரியாத நிலை இருந்தால்தான் குலுக்கிப் போடுவதற்கு நியாயம் உண்டு, அதை மறைத்து வாங்கும் கையெழுத்துக்கு மதிப்பில்லை. இப்போதெல்லாம் பேசி முடித்ததும் "நீங்க இதை வீட்டுக்காரர்கிட்ட எப்படிச் சொல்வீங்க, எனக்குச் சொல்லிக் காட்டுங்க" என்று கேட்பது வழக்கம். புரிந்ததும் புரியாததும் அப்போது வெளியே வந்துவிடும்.

கையெழுத்து மட்டும் போதும் என்று நினைத்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் நாட்டிலேயே உதாரணம் உண்டு. 2009-ல் அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வடோதராவிலும், கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் ஹெச்பிவி தடுப்பூசியைப் பள்ளிச் சிறுமிகளுக்குப் போட்டார்கள். பாத் என்ற சர்வதேச அமைப்பும் ஐசிஎம்ஆரும் மாநில அரசுகளும் சேர்ந்து நடத்தியது. அதைச் செயல்விளக்கத் திட்டம் என்றார்கள், மருத்துவ ஆய்வு என்று சொல்லவில்லை. கம்மத்தில் பழங்குடி விடுதிகளில் தங்கிப் படித்த ஏராளமான பிள்ளைகளின் படிவங்களில் பெற்றோருக்குப் பதில் விடுதி வார்டன்கள் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். திட்டம் நடந்த காலத்தில் ஏழு சிறுமிகள் இறந்தார்கள், 2010 ஏப்ரலில் திட்டம் நிறுத்தப்பட்டது. இறப்புகளுக்கும் தடுப்பூசிக்கும் தொடர்பில்லை என்றுதான் விசாரணை சொன்னது. ஆனால் ஒப்புதல் வாங்கிய முறையையும் பாதகங்களைக் கண்காணிக்க ஏற்பாடு இல்லாததையும் நாடாளுமன்ற நிலைக்குழு 2013-ல் கடுமையாகக் கண்டித்தது. அந்தத் தடுப்பூசி நல்ல தடுப்பூசி, உலகமெங்கும் பெண்குழந்தைகளுக்குப் போடுகிறார்கள். நம்மிடம் அதன் பெயர் கெட்டுப்போனதற்கு அந்த வார்டன் கையெழுத்துகள் பெரிய காரணம் என்றே நினைக்கிறேன். பெற்றோரிடம் பேசுவதில் மிச்சம் பிடித்த நேரத்துக்குப் பல வருடங்களை விலையாகக் கொடுத்திருக்கிறோம்.

பேச நேரமே இல்லாத இடமும் இருக்கிறது, குழந்தை மூச்சுத் திணறிக்கொண்டு வந்து நிற்கும்போது. 2009 முதல் 2011 வரை கென்யா, உகாண்டா, தான்சானியாவில் கேத்ரின் மைட்லேண்ட் தலைமையில் நடந்த ஃபீஸ்ட் ஆய்வை இதற்காகவே எல்லோருக்கும் சொல்வேன். கடும் காய்ச்சலோடு ரத்த ஓட்டம் குறைந்து வரும் குழந்தைக்கு வேகமாக நரம்பு வழியாகத் திரவம் ஏற்ற வேண்டும் என்பது அப்போது பணக்கார நாடுகளின் பாடப்புத்தகப் பழக்கம். தீவிர சிகிச்சைப் பிரிவே இல்லாத ஆப்பிரிக்க மருத்துவமனைகளில் அது உதவுமா என்பது கேள்வி. பெற்றோரிடம் முழு ஒப்புதலுக்கு நேரம் இல்லாதபோது சுருக்கமாக வாய்மொழிச் சம்மதம் வாங்கிச் சிகிச்சையைத் தொடங்கிவிட்டு, குழந்தை நிலைப்பட்டதும் உட்கார்ந்து பேசி எழுத்தில் வாங்குவது என்று எத்திக்ஸ் கமிட்டிகள் அனுமதித்தன. முக்கிய ஆய்வில் 3,141 குழந்தைகள் சேர்ந்தபோது சுயேச்சையான தரவுக் கண்காணிப்புக் குழு ஆய்வை நிறுத்தச் சொன்னது. வேகமாகத் திரவம் ஏற்றிய இரண்டு குழுக்களில் 48 மணி நேரத்துக்குள் 10.6, 10.5 சதவீதம் இறந்திருந்தார்கள். ஏற்றாத குழுவில் 7.3. நூறு குழந்தைக்கு மூன்று உயிர் வித்தியாசம்.

இதில் என்னை உலுக்குவது ஒன்று உண்டு. முதல் ஒரு மணி நேரத்தில் திரவம் ஏற்றிய குழந்தைகள்தான் தெளிந்த மாதிரி தெரிந்தார்கள். படுக்கையருகே நிற்கும் அனுபவமுள்ள மருத்துவர் கண்ணுக்கு அது வேலை செய்கிற சிகிச்சை. ஒப்பிட ஒரு குழு இல்லாமல், நடுநடுவே எண்ணிக்கையைப் பார்க்கும் தனிக்குழு இல்லாமல், இதைக் கண்டுபிடித்திருக்கவே முடியாது. அந்தத் தனிக்குழுவில் மருந்துக் கம்பெனிக்காரரும் ஆய்வு நடத்துபவரும் இருக்கக் கூடாது என்று விதி வைப்பது இதனால்தான்.

நம் விதிப்படி ஆய்வில் இருக்கும் குழந்தைக்கு மோசமான பாதிப்பு எது வந்தாலும், மருந்தால் வந்ததோ இல்லையோ, ஆய்வாளர் 24 மணி நேரத்துக்குள் மத்திய மருந்து ஒழுங்குமுறை அமைப்புக்கும் எத்திக்ஸ் கமிட்டிக்கும் ஸ்பான்சருக்கும் (ஆய்வுக்குப் பொறுப்பேற்றுச் செலவு செய்யும் நிறுவனம்) தெரிவிக்க வேண்டும், 14 நாளில் விரிவான அறிக்கை போக வேண்டும். மருத்துவச் செலவு ஸ்பான்சருடையது. ஆய்வால் வந்த பாதிப்பு என்று முடிவானால் இழப்பீடும் உண்டு.

நாளைக்கு உங்கள் குழந்தையை ஓர் ஆய்வில் சேர்க்கக் கேட்டால் உடனே மறுக்கவும் வேண்டாம், உடனே கையெழுத்தும் வேண்டாம். சிடிஆர்ஐ என்ற இந்திய மருத்துவ ஆய்வுகளின் பதிவேட்டில் அந்த ஆய்வுக்குள்ள பதிவு எண்ணைக் கேளுங்கள். இந்தியாவில் நடக்கும் ஒவ்வொரு மருத்துவ ஆய்வும் 2009-லிருந்து அதில் பதிவாக வேண்டும், இணையத்தில் யாரும் பார்க்கலாம், இலவசம். ஆய்வில் சேராவிட்டால் என் குழந்தைக்கு என்ன சிகிச்சை கிடைக்கும், சேர்ந்தால் கூடுதலாக எத்தனை ஊசி, எத்தனை வருகை, பாதியில் விலகினால் வழக்கமான சிகிச்சை தொடருமா என்று கேளுங்கள். பதில் சொல்ல அவசரப்படுகிறவரிடமிருந்து எழுந்து வந்துவிடலாம். கையெழுத்திட்டால் படிவத்தின் ஒரு பிரதி உங்களிடம் இருக்க வேண்டும், அதில் ராத்திரி பன்னிரண்டு மணிக்குக் கூப்பிட்டாலும் எடுக்கிற ஒரு போன் நம்பர் இருக்க வேண்டும். வீட்டுக்கு வந்ததும் ஒருமுறை அந்த நம்பருக்குப் போட்டுப் பார்த்துவிடுங்கள்.